மிஸி தந்த தாள்

மிஸி, நீங்கள் தந்த தாளை
அரிசி வாளி மூடியில ஒட்டியிருக்கிறன்.
நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை.
தலையிடிச்சது, பிறகு விட்டிட்டுது.
ஒன்பதுக்குப் படுக்கை.
நிரூஜன்ர போன் மாட்டுக்கொட்டில்ல சார்ஜ் ஏறுது,
அவனும் அங்கதான் நிக்கிறான்.
பகலில கண்ணயரக் கூடாதெண்டு
மத்தியானம் கச்சானுக்குள்ள புல்லுப் பிடுங்கினன்.
இளஞ்சூட்டுத் தண்ணியில கால் கழுவச் சொன்னீங்கள்.
முத்தையன்கட்டில சித்திரையில, மிஸி,
தாங்கித் தண்ணியே அப்படித்தான்.

எல்லாம் செய்தும்
ரெண்டு மணிக்கு முழிப்பு.
கை தானாய்ப் போய்த் தலைமாட்டைத் தடவும்:
அடையாள அட்டை, காணி உறுதி, பாஸ் புத்தகம்,
பொலித்தீன் சுத்தின பை.
இருக்கு.
பிறகு விடியுமட்டும் கூரைத் தகரம்.
உங்கட தாளில இதுக்கு ஒரு வரியும் இல்லை,
நானும் சொல்லேல்லை.

போன செவ்வாய் அந்தப் பையை
அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினன்.
திறப்பு சீனிப் போத்தலுக்குள்ள.
மூண்டு இரவு முந்தியைவிட மோசம்,
எழும்பிப் போய்ப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தன்.

நாலாம் இரவு
யானை வந்திருக்கு.
வேலியைச் சாய்ச்சு
பதினொரு கதலி வாழையையும் குருத்தோட திண்டு
கிணத்தடியில லத்தியும் போட்டிட்டுப் போயிருக்கு.
இராசநாயகத்தார் ஆறு வெடி போட்டவராம்,
தகரம் தட்டி ஊரே கத்தினதாம்.

எனக்கு ஒண்டும் தெரியாது மிஸி.
முகத்தில வெயில் பட்டுத்தான் எழும்பினன்.

நட்டஈட்டுக்குக் காணி உறுதி வேணுமாம்.
திறப்பை எடுக்கப் போனால்
சீனி முழுக்க எறும்பு.