படிக்கு முந்தின கல்

கார்டு என்றால் எனக்கு
மீட்டர் பெட்டிக்கு மேல் செருகியிருக்கும் வெள்ளை அட்டைதான்.
பதினாறு வருஷம் அதில் யூனிட் எழுதிய கை இது.
நாற்பத்திரண்டு வயதில்
மின்ட் தெரு அடகுக்கடையில் யாருடையதோ மூழ்கிப்போன
நாலு கம்பி பேஸ் கிடாரை
தீபாவளி போனஸில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கார்டு வேற, என்றாள் யூனிஸ்.
மூணு சுரம் சேர்ந்தா ஒரு வீடு.
நாலு எண்றதுக்குள்ள
ஒரு வீட்டுலேர்ந்து அடுத்த வீட்டுக்கு நடக்கணும், அவ்ளோதான்.

நடக்கணுமாம்.
என்னிடம் சொல்கிறாள்.
ஒரு நாளைக்கு இருநூறு வாசல்,
வெயிலில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் தெருக்கள்,
"இந்தத் தபா ஏன்மா இவ்ளோ ஏறிச்சு" என்று
நான்தான் கரண்டைக் குடித்தது போல் கேட்கும் வீடுகள்.

கல்மண்டபத்தில்
மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கும் கடைக்கு மேல்மாடி.
வெள்ளிக்கிழமை இரவு.
சி, ஈ, ஜி, திரும்ப ஈ.
அங்கிருந்து ஏ மைனருக்கு ஒரே தாவல்.
ஏ, சி, ஈ, திரும்ப சி.
டீ மைனருக்கு இன்னொரு தாவல்.
தப்பு ஒன்றுமில்லை. எல்லாம் அந்தந்த வீட்டுச் சுரம்.
கையை நிறுத்தாமலே இம்தியாஸ் சொன்னான்:
லிஃப்ட் மாதிரி வாசிக்கிறக்கா.
மேல போற, கீழ வர்ற,
தெருவுக்கு வரவே மாட்டேன்ற.

சிரித்தேன். வீட்டுக்குப் போய்
பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது.
அது வேறு காரணமாகவும் இருக்கலாம்.

டிசம்பர்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
சரக்கு வண்டி நின்றேவிட்டது.
சுற்றிக்கொண்டு, வழக்கமாகக் கடைசியில் வரும் சந்துக்குள்
முதலில் நுழைந்தேன்.
மழை விட்டு இரண்டு நாள்.
சாக்கடை மேல் வீட்டுக்கொரு சிமெண்ட் பலகை,
எதுவும் சரியாக உட்காரவில்லை.
கால் வைத்தால் டொக்.
டொக் என்றதும் உள்ளிருந்து
"ஈபி அக்கா வந்துட்டாங்க, ஸ்டூலை எடு!"
கதவைத் தட்டக்கூட இல்லை நான்.

அடுத்த வாசல். டொக்.
அட்டை வெளியே வருகிறது.
அதற்கடுத்தது பூட்டு. பூட்டு என்று குறித்தேன்.
பலகைமேலேயே நின்றேன் கொஞ்ச நேரம்.
இது இந்த வீடும் இல்லை
அந்த வீடும் இல்லை.
தெரு என்றும் சொல்ல முடியாது.
நிற்க நிற்க ஆடுகிறது.
அப்படியே படியேறத்தான் லாயக்கு.

சி, ஈ, ஜி
என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
நாலாவதுக்கு
எந்த வீட்டுக்கும் சேராத ஜி ஷார்ப்.
டொக்.
ஏ.

அன்றைக்கு நாற்பது வீடு பாக்கி வைத்துவிட்டேன்.
ஆபீசில் மழை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை.
ஏ-யில் கிளம்பி சி, ஈ,
பிறகு டீ-க்கு அரைப்படி மேலே ஈ ஃப்ளாட்;
தனியாகக் கேட்டால் பல் கூசும்.
டீ வந்ததும் கூச்சம் போய்விடுகிறது.
டீ, எஃப், ஏ, ஏ ஃப்ளாட்,
ஜி.
ஜி-யிலிருந்து சி-க்குப் பலகையே வேண்டாம்,
பி அந்த வீட்டிலேயே இருக்கிறது
வாசலைப் பார்த்தபடி.

இரண்டாம் சுற்றில் ஒன்று தவறிற்று.
மூன்றாவதில் கம்பி விரலை அறுத்தது.
கீழே ஐஸ் மெஷின் ஓடத் தொடங்கி
யார் எதை வாசிக்கிறோம் என்றே கேட்கவில்லை சற்று.
இம்தியாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

ஐந்தாவதோ ஆறாவதோ சுற்று,
யூனிஸ்
இத்தனை மாதமாக எனக்கும் சேர்த்து
அடியில் அழுத்திக்கொண்டிருந்த இடது கையை
கீபோர்டிலிருந்து எடுத்தாள்.
ஆறிப்போயிருந்த டீயை
எடுத்துக் குடித்தாள்.