பதினாலாம் பாத்தி

நாலு மருந்து, ஒன்று வெறும் மணல்.
நாலு முறை மாற்றி மாற்றி
மொத்தம் இருபது பாத்தி.

முதல் நாள் சிவப்புக் கொடி நட்டேன்.
தங்கவடிவேல் வரம்போடு நின்றுவிட்டார்.
"பிள்ளை, கட்டைபறிச்சானில சிவப்பு வேண்டாம்.
சிவப்புக்குள்ள ஒருத்தரும் கால் வைக்காயினம்."
மூதூர்க் கடையில் நீல வாளி ஒன்று வாங்கிக்
கீறிக் கீறிக் கொடியாக்கினோம்.

மூடியில் துளையிட்ட பால்மா டின்.
விதைச் சாலுக்குள் குறுணலைக் குலுக்கிக் கொட்டினேன்,
கையுறைக்குள் வியர்வை தேங்க.
மணலுக்கும் அதே சாம்பல் நிறம் ஏற்றியிருந்தார்கள்.
எந்த எண்ணில் எது என்று எனக்கும் தெரியாது.
அந்தக் கடதாசி கந்தளாயில்,
பூட்டிய லாச்சிக்குள்.

பிறகு மழை.
கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து
பதினொரு நாள் விடாமல்.

சோளன் இடுப்பளவு வந்தபோது
பதினாலாம் பாத்தி சரிந்தது.
காற்று அவ்வளவு இல்லை.
பிடுங்கிப் பார்த்தால் பிடிக்க வேரில்லை.
சம்பாச் சோற்றுப் பருக்கையளவில் வெள்ளைப் புழு,
தவிட்டுத் தலை,
வெளிச்சம் பட்டதும் சுருண்டது.

அறுபதாம் நாள் வேர் கழுவ வந்தேன்.
பாதியாய் வெட்டிய தகர பீப்பா, குழாய்த் தண்ணீர்.
ஒரு சுற்று வேர் போனால் ஒன்று,
மூன்று சுற்றும் போனால் மூன்று.
ஏழு, எட்டு, ஒன்பது எழுதி முடித்துப்
பதினாலுக்கு வந்தால்
பயிர் நிமிர்ந்து நிற்கிறது.

ஒவ்வொரு அடியிலும் அணைத்த மண்,
மண்ணில் விரல் தடம்.
தின்ற வேருக்கு மேலே
புதிதாய் இறங்கிய தடித்த வேர்கள்,
வெள்ளை கூட மாறவில்லை.

"ஐயா, தொடக்கூடாது எண்டு சொன்னனானே."
"சொன்னனீங்கள்தான்."
மண்வெட்டிப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"விழுந்து கிடக்கிறதைப்
பாத்துக்கொண்டிருக்கிற வேலை
எனக்குச் சரிவராது பிள்ளை.
ஒம்பது வருசம் முகாமுக்குள்ள இருந்து
அதைத்தானே செய்தனாங்கள்."

நான் கோபத்தோடுதான் வந்தேன்.
நாலு மாத வேலை, இருபதில் ஒன்று கெட்டால்
கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.
சேற்றுக் கையோடு பேனையைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
அவர் அதற்குள் பீப்பாவில் தண்ணீர் மாற்றிவிட்டு
அடுத்த வேரை நீட்டினார்,
மாணவன் தாள் நீட்டுவதுபோல்:
"இதுக்கு எத்தினை?"

குறிப்புக்கான கட்டத்தில்
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
'மண் அணைக்கப்பட்டது' என்று எழுதினேன்.
யாரால் என்று எழுதவில்லை.

கடதாசி இன்னும் கந்தளாயில்தான்.
பதினாலு மணலாகத்தான் இருக்கும்,
இல்லாவிட்டால்
விலை கூடிய அந்த மருந்தாகவும் இருக்கலாம்.