தசம் ஐந்து எட்டு

பதினேழாம் தொகுதி. நிலவேம்பு.
சாக்கின் வாயில் ஜவாஹிரின் முடிச்சு,
தோப்பூர் பஸ்ஸின் டீசல் மணம்.
அவிழ்த்ததும் தும்மினோம்
நானும் துஷியந்தனும்.

இடித்து, அரித்து, ஒரு கிராம் நிறுத்து
மெதனோலில் ஊறவைத்து வடித்தால்
பாசிக்குளம்போல் பச்சை இறங்கும்.
அதில் இருபது மைக்ரோலீற்றர்,
நாலு நுளம்பு குடிக்கிற அளவு,
ஊசியால் இயந்திரத்துக்கு ஊட்டினேன்.

பிறகு காத்திருப்பு.
திரையில் ஒரு கோடு
உட்துறைமுகத்துத் தண்ணீர் மாதிரி
அசையாமல் கிடந்தது.
ஏழாம் நிமிடம் கடந்து எழுந்தது:
எதிர்பார்த்த இடம்,
எதிர்பாராத குள்ளம்.

பக்கத்தில் நியமக் கரைசலின் சிகரம்.
அந்த இருபது மில்லிகிராம் வெள்ளைத் தூள்
என் ஒரு மாதச் சம்பளத்தைவிட விலை.
ஐஸ் பெட்டியில் கொழும்பிலிருந்து வந்து
குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில்
தனியாக இருக்கிறது.
துஷியந்தன் அதை மாப்பிள்ளை என்பான்.

நூற்றுக்கு ஒன்று வேண்டும்.
வந்தது தசம் ஐந்து எட்டு.

பிழை என் கையில் இருக்கட்டும் என்று
வேண்டிக்கொண்டேன்.
தராசைத் துடைத்தேன். புதிதாக நிறுத்தேன்.
நடுவில் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்வரை
வெளியே போய் நின்று பணிஸ் பிய்த்தேன்.
கோணேசபுரிக் கடல் மட்டும் கேட்டது.
மூன்று தரம் சவர்க்காரம் போட்ட விரல்
அப்போதும் கசந்தது.

மறுபடி ஊட்டினேன். மறுபடி.
ஐந்து ஏழு. ஐந்து எட்டு.
இவ்வளவு ஒழுங்காக என் கை
ஒருநாளும் இருந்ததில்லை.

நுணுக்குக்காட்டியில் குனிந்த துஷியந்தன்
நிமிராமலே சொன்னான்:
இலை கொஞ்சம்,
தண்டின் நார் கனக்க,
வெடித்த விதைக்காயின் ஓடும் கிடக்கு.

போனில் ஜவாஹிர் கோபிக்கவில்லை.
“கசக்குதே மிஸ்,
நக்கிப் பாத்துத்தானே கட்டின.”
தண்டும் கசக்கும் என்றேன்.
பூக்க முன்னம் பறிக்கச் சொன்னேனே என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தி ஓய்ந்தது.
“தையில பூக்குது மிஸ்.
காட்டுக்குள்ள போற பாஸ்
மாசி பத்துக்குத்தான் கையில தந்த.
நாங்க போகக்குள்ள
இலையெல்லாம் கொட்டி
குச்சிதான் நிண்டிச்சு.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை.
ஆனால் எங்கோ ஒரு வீட்டில்
இந்தக் கசாயத்தை நம்பிக் குடிக்கப்போகிறவர்
எனக்கு முகம் தெரியாதவர்.
அவருக்கும் ஒன்றுதான் வேண்டும்,
அரையும் ஒரு கதையும் அல்ல.

அறிக்கைத் தாளில்
ஈரப்பதனுக்குக் கட்டம் உண்டு.
சாம்பலுக்கு, ஈயத்துக்கு, பூஞ்சணத்துக்கு உண்டு.
பாஸ் வந்த திகதிக்கு இல்லை.
கீழே, ‘குறிப்புகள்’ என்று
இரண்டு விரல் அகலம்.

முதலில் ‘தேறவில்லை’ என்று எழுதினேன்.
பிறகு அந்த இரண்டு விரல் அகலத்தில்
இன்னும் ஒரு வரி.
துஷியந்தன் எட்டிப் பார்த்து,
இது எங்கட வேலை இல்லையே அக்கா என்றான்.

இங்கே எதையும் அழிக்கக்கூடாது.
ஒற்றைக் கோட்டால் வெட்டி
பக்கத்தில் கையொப்பமும் திகதியும் இடவேண்டும்.
வெட்டினேன். இட்டேன்.

கோட்டுக்கு அடியில்
வாசிக்க விரும்பினால் வாசிக்கலாம்:
பாஸ் கிடைத்தது மாசி பத்து.