சில்லறை

இருபத்திரண்டு வருசம்
கம்பியைத் தொடாமல் டிக்கெட் கிழித்தேன்,
ஆரப்பாளையம் தேனி வண்டியில்.
கணவாய் வளைவில் சனமெல்லாம் சாய
நான் நேராய் நின்று
ஏழு ரூபாய் பாக்கி எண்ணிக் கொடுப்பேன்.
கால் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

செக்கானூரணி டிப்போவில் ஒரு விடியல்,
இடப்பக்கம் புரண்டேன்.
மின்விசிறி நின்றிருந்தது.
கூரை சுற்றியது.

அண்ணா நகர் டாக்டரம்மா சொன்னார்:
காதுக்குள் மூன்று வளையம், உள்ளே நீர்.
தலை திரும்பினால் நீர் சற்றுப் பிந்தும்.
அந்தப் பிந்தலைத்தான் மூளை படிக்கிறது.
பக்கத்துப் பையில் சுண்ணாம்பு மணிகள்,
பிரேக் போட்டால் அவைதான் தகவல் சொல்லும்.
அதில் ஒன்றிரண்டு
வளையத்துக்குள் தவறிவிட்டன, ஒச்சப்பன்.

தலையைப் பிடித்து
திருப்பினார், பொறுத்தார்,
இன்னும் கொஞ்சம் திருப்பினார்,
தோல்பை மடிப்பில் சிக்கிய ஒற்றை ரூபாயை
நான் சரித்துச் சரித்து எடுப்பேனே, அப்படி.
கண் துள்ளித் துள்ளி அடங்கியது.

இன்று கணவாயின் முதல் வளைவு.
கைக்குழந்தையிலிருந்து வெங்காய மூட்டை வரை
ஒரே பக்கம் சாய்ந்தன.
உள்ளே நீர் பிந்தி, வந்து சேர்ந்தது.
நின்றேன்.

ஆனாலும்
ஒரு விரல் கம்பியில் இருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.