மூன்று சிவப்பு

தம்மாமிலிருந்து அண்ணன் கொடுத்துவிட்டது
கூத்தாநல்லூர் நிஜாமுதீன் பெட்டியில் வந்தது.
பேரீச்சம்பழத்துக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவில்
லுங்கியில் சுற்றிய பழைய கேம் கன்சோல்.
யாரோ ஒரு பிலிப்பைன்காரன் ஊருக்குப் போகையில்
எழுபது ரியாலுக்குத் தள்ளிவிட்டுப் போனதாம்.

வயர் ஒன்று, தலை ஐந்து.
நிற வளையங்கள் எப்போதோ கழன்றுவிட்டதால்
அண்ணனே டேப் சுற்றி அனுப்பியிருந்தான்.
ஒரு நீலம், ஒரு வெள்ளை,
மூன்று சிவப்பு.

டிவியின் முதுகில் இருந்ததோ
படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு.
சத்தத்துக்கு வெள்ளை, இன்னொரு சிவப்பு.
மூன்றாவது சிவப்புக்கு அங்கே இடமில்லை.
பச்சை ஓட்டை ஆளில்லாமல் காத்திருந்தது.

உரக்கடையில் ஆறு வருஷமாக பில் போடுகிறவள் நான்.
தொகை தப்பினால் கடைசி வரியிலிருந்து
மேலே ஏறிப் பார்க்கத் தெரியும்.
மூன்று தலை, மூன்று ஓட்டை, ஆறு வழி.
யூரியா ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

முதல் வழி, இருட்டு.
இடது ஸ்பீக்கரில் மட்டும் பாட்டு.
இரண்டாவது, அதே இருட்டு,
வலதில் வண்டு குடைகிற சத்தம்.
அதற்குள் மும்முனை கரண்ட் விட்டுவிட்டார்கள்.
வயல் மோட்டாரெல்லாம் ஒன்றாக எழுந்ததில்
டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

மூன்றாவதில் படம் வந்தது.
மைதானம் சரி, புல் சரி.
ஆட்டக்காரர்கள்தான் வெண்ணாற்றுப் பாசியில்
முங்கி எழுந்த முகத்தோடு நின்றார்கள்.
கோல் விழுந்து கூட்டம் இரைந்தபோதெல்லாம்
திரையில் சிவப்புக் கீற்றுகள் ஓடி அணைந்தன.
சத்தம் படத்துக்குள் போயிருந்தது.
முகத்துக்குப் போகவேண்டிய ரத்தம்
ஸ்பீக்கருக்குள் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தது.

நான்காவதுக்கு ரசீதைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.
இரண்டு சிவப்பையும் இடம் மாற்றினேன்.
எல்லோருக்கும் உயிர் வந்தது.

உடனே கூப்பிட்டேன்.
"வந்துடுச்சுண்ணே. ஆனா ஏன் மூணுக்கும்
செவப்பு டேப்பு சுத்துன?"
"மூணா? ஒண்ணுக்குப் பச்சைல்ல சுத்துனேன்?
ரெண்டு ரோலு வாங்குனேனே,
கடைக்காரன்கிட்ட கேட்டுத்தானே வாங்குனேன்."

பிறகு அவன் பேசவில்லை.
அவன் அறை ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நானும் கடைசி வரியிலிருந்து ஏற ஆரம்பித்தேன்.
தக்காளியை அமுக்கிப் பார்த்தே வாங்குவான்.
நீடாமங்கலம் கேட்டில் அரைமணி நேரம் நிற்கையில்
சிக்னலை மேல எரியுது, கீழ எரியுது என்பானே தவிர
நிறம் சொன்னதில்லை.
ரயில்வே பரீட்சையில் தேறி
திருச்சிக்கு மெடிக்கலுக்குப் போனவன்
உயரம் ரெண்டு சென்டிமீட்டர் கம்மியாம் என்று திரும்பினான்.
அப்பா அவனைக் கதவு நிலையில் நிறுத்தி
ஸ்கேல் வைத்து அளந்து
இல்லாத யாரையோ வாரம் முழுக்கத் திட்டினார்.
ரயில் ஓட்ட எத்தனை உயரம் வேண்டுமென்று
எங்களில் எவரும் கேட்கவில்லை.

திருவாரூர் பிரவுசிங் சென்டரில்
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய நாட்களில்
அவன் சிவப்புச் சட்டை, நான் பச்சை.
பந்தை நேராக என் ஆள் காலில் கொண்டுவந்து போடுவான்.
தங்கச்சி ஜெயிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறான்
என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

"கலர் எப்புடி இருக்கு?" என்றான் கடைசியில்.
"நல்லா இருக்கு."
"சரி, வையி. காலைல ஷிப்டு."

தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்து
பச்சையின் தலைக்கு ஒரு முடிச்சு,
நீலத்துக்கு இரண்டு,
படத்துச் சிவப்புக்கு மூன்று போட்டேன்.
சத்தம் சும்மா இருக்கட்டும்.

அப்புறம் செட்டிங்ஸுக்குள் போய்
சட்டைகளை மாற்றி வைத்தேன்.
எனக்கு மஞ்சள், அவனுக்கு நீலம்.

ஐப்பசியில் வருகிறான்.
இனி தோற்றால் தோற்றதுதான்.