மூன்றாம் அடிக்கு முன்

ஜாக்சன் நகரில் ஓர் ஓட்டல் அறை. 1929.
எதிரொலி அடங்கட்டும் என்று
சுவரெங்கும் போர்வைகள் தொங்கவிட்டிருந்தார்கள்.
மிசிசிப்பி வெயில் அதற்குள்ளும் வந்தது.
ஆர்வெல்லா ஸ்டோக்லி பாடினாள்:

விளக்குக்கு எண்ணெய் வாங்கினேன், பற்று எழுதிக்கிட்டான்,
ஆமா, விளக்குக்கு எண்ணெய் வாங்கினேன், பற்று எழுதிக்கிட்டான்

இங்கே இருமினாள்.
இரண்டு முறை. வறட்டு இருமல்.
பருத்தி அரவைக் கொட்டகையில் ஒன்பது பருவம்
உள்ளே போன பஞ்சு.
மெழுகுத் தட்டு சுழன்றுகொண்டுதான் இருந்தது.
மெழுகுக்கு விலை உண்டு, இன்னொன்று தரமாட்டார்கள்.

விடிஞ்ச பின்னும் எரியுது அந்தக் கடன்.

பன்னிரண்டு டாலர்.
கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி.

சிகாகோவில், இருபது வருஷம் கழித்து,
கிளியோத்தா பினியன் அதே இடத்தில் நின்றார்.
மின் கிதாரின் தந்திகளை உள்ளங்கையால் பொத்தி
டக், டக்.
தட்டு தேயத் தேயக் கேட்டவர்.
தட்டில் இருப்பதெல்லாம் பாட்டு என்று நம்பியவர்.

அவரைக் கேட்டு, ஹல் துறைமுகத்தில் நாலு பையன்கள்.
விளக்கைத் தூக்கிப்போட்டு
ஒரு பெண்ணின் கண்ணை வைத்தார்கள்,
கடனைக் காதல் ஆக்கினார்கள்.
ட்ரம்ஸ் வாசித்த நைஜல் த்வைட் மட்டும்
எதையும் மாற்றவில்லை.
டக், டக்.
அரங்கம் முழுக்கக் காலால் திருப்பித் தட்டியது.
எல்லோரும் வீடு வாங்கினார்கள்.
நைஜல் ஒரு குதிரையும்.

ஒஸ்லோவில் ஒருத்தி பியானோ மூடியில் விரல் மடக்கித் தட்டினாள்,
மெதுவாக, யார் வீட்டுக் கதவையோ போல.
அப்புறம் ஒரு லாரி விளம்பரம்.
இரண்டு கதவுகள் சாத்தும் சத்தம்.
அந்த லாரி நன்றாக விற்றதாம்.

என்னிடம் வந்தது முதல் தட்டு,
மிஞ்சிய ஒரே பிரதி, ஓரம் உடைந்தது.
சுத்தம் செய்து கொடு என்றார்கள்.
கீறல்களை எடுத்தேன்.
எண்ணெய் பொரிவது போன்ற இரைச்சலை எடுத்தேன்.
தெருவில் போன ட்ராமின் மணியை, கொஞ்சம் தயங்கி.
அதைத் தயங்காமல்.
நல்ல வேலை என்றார்கள். விருதுக்குக்கூட அனுப்பினார்கள்.

இப்போது அந்தப் பாட்டை யார் பாடினாலும்
இருமுகிறார்கள்,
அவளைத் தவிர.

வெட்டியதை எறியவில்லை.
கணினி பெயர் கேட்டது. 'குறை 41' என்று போட்டேன்.
சில நாள் ஹெட்போனில் அதை மட்டும் ஓட்டுகிறேன்,
ஒன்றரை வினாடி.
இருமல் முடிந்ததும்
ஆழமாக ஒரு மூச்சு,
மூன்றாம் அடிக்காக இழுத்தது.
அதையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறேன்.