ஜூனில் என்ன செய்வீர்கள்

ஔலு நகரில் டிசம்பர்.
பத்தரைக்கு எழுகிற சூரியன்
இரண்டு மணிக்கே கடையைச் சாத்துகிறது.
எங்களுக்கு அதுவும் மிகை.
சன்னலில் கறுப்புத் தாள்,
கதவிடுக்கில் பழைய போர்வை,
ஒற்றைச் சிவப்பு விளக்கின் அடியில்
நானும் தூமோவும்
பாலிமர் காய்ச்சுகிறோம்.

கூழ்மம் என்பது பாடப்புத்தகச் சொல்.
எனக்கு அது கூழ்.
ஊசித் துளையில் நுழையும் ஒரு சொட்டு.
அதன் வலைக்கண் ஒவ்வொன்றிலும்
ஒரு மருந்துத் துணுக்கு
முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது.
இருட்டில் விறைத்து நிற்கும் முடிச்சுகள்
ஊதா ஒளி பட்டால் இடுப்பில் மடியும்.
மடிந்தால் கண் விரியும்,
விரிந்தால் மருந்து நழுவும்.
விளக்கை அணைத்தால்
மெல்லக் கூம்பிக்கொள்ளும்.
இவ்வளவுதான் வித்தை.
இதற்கு ஆறு வருடம்.

நவம்பரில்
தரை துடைக்க வந்த ரைலி
எட்டிப் பார்த்து, யாருமில்லை என்று
கதவைச் சாத்தாமல் போய்விட்டாள்.
நடைவழி வெளிச்சம்
ஒரு முழம் உள்ளே நீண்டு
மேசைமேல் படுத்துக் கிடந்தது, இரவு முழுக்க.
நாற்பது குப்பிகள்.
நாற்பதும் யாருமற்ற அறைக்கு
வைத்தியம் பார்த்து முடித்திருந்தன.

பிறகு ரெய்யோ ஹுர்ஸ்கைனென் வந்தார்.
நோயாளியையும் கேட்க வேண்டும் என்பது விதி.
எழுபத்தொரு வயது,
பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
விழித்திரையின் நட்டநடுவில் கசிவு.
நேரான எதுவும் நேராக இல்லை அவருக்கு.
நெடுஞ்சாலைக் கோடு நெளிகிறது,
கதவு நிலை பிதுங்குகிறது.
மாதம் ஒருமுறை கண்ணில் ஊசி.
"வலி ஒன்றுமில்லை.
அது வருவதையும் அதே கண்ணால்தானே
பார்க்க வேண்டியிருக்கிறது."

நாங்கள் படம் போட்டுக் காட்டினோம்.
வருடத்துக்கு ஒரே ஊசி.
மற்ற மாதங்களில் ஒரு சின்ன விளக்கை
வீட்டிலிருந்தே கண்ணெதிரே பிடித்தால் போதும்.
அவர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.
கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்.
"ஜூனில் என்ன செய்வீர்கள்?"
ஜூனில் என்ன?
"இரவு பதினொரு மணிக்கு
நான் படகில் இருப்பேன்.
எதிரே சூரியன், கீழே தண்ணீரிலும் சூரியன்.
ஒரு வருட மருந்தும்
ஒரே ஒரு மீனுக்காகத் தீர்ந்துபோகுமே."

தூமோ சிரித்தான். நானும் சிரித்தேன்.
யார் முதலில் நிறுத்தினோம் என்று நினைவில்லை.
கண்ணை மூடிக்கொண்ட பூனைகள் நாங்கள்.
கறுப்புத் தாளுக்கு அப்பால்
ஒரு கோடை இருப்பதை
எந்தக் குறிப்பேட்டிலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது வேறு பூட்டு.
புற ஊதாவுக்கு மட்டுமே மடியும் முடிச்சு.
சூரியன் அனுப்புகிற புற ஊதாவை
விழிவில்லை வாசலிலேயே திருப்பிவிடும்.
ஆகவே உள்ளேயே ஒரு பொறி வேண்டும்.
கூழில் கொஞ்சம் படிகத் தூள் கலந்தோம்.
அகச்சிவப்பு ஒற்றையாய் வந்து தட்டினால்
தூள் அசையாது.
அடுத்தடுத்து, நெருக்கியடித்து,
ஒரே மணியைப் பல தட்டுகள் தட்டினால்
ஒரு சிமிட்டல் புற ஊதா.
சூரியனிடம் எல்லாம் உண்டு,
இத்தனை அவசரம் மட்டும் இல்லை.

ஜூனில் கண்ணாடிக் கண் ஒன்றைச் செய்து
கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்தோம்.
கடற்காகம் ஒன்று வந்து
அதைக் கொத்தலாமா என்று வெகுநேரம் யோசித்தது.
மூன்று வெள்ளை இரவுகள்.
கசிவு, நூற்றுக்கு நான்கு.
நான்கும் அதிகம்தான், ஒரு கண்ணுக்கு.
ரைலி கேட்டாள், "இந்த முறையும் நானா?"

ரெய்யோவைத் தொலைபேசியில் அழைத்தேன்.
போன வாரம்தான் ஊசி போட்டிருக்கிறார்,
பழைய ஊசி.
மீன் கிடைக்கிறதா என்றேன்.
பின்னால் துடுப்புச் சத்தம்.
"தூண்டில் வளைகிறது, அம்மா.
மீனா, என் கண்ணா என்று
கையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.
இரு, இரு,
கை ஏதோ சொல்கிறது."